நின்றால் ஏறும், ஓடினால் இறங்கும்: கார் எஞ்சின் சூட்டை அறிகுறி பார்த்துப் பிடிப்பது எப்படி

மட்டக்களப்பில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போகும் வீதியில் வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகரும். அது கச்சான் காற்று வீசும் காலம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் அந்தக் காற்றில் நிழலில் நின்றாலே முகம் காய்ந்துபோகும். கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, முன்னால் நிற்கும் வான் வண்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். நடுவில் அசையாமல் நிற்கும் வெப்பமானி முள் மெல்ல மேலே போகிறது. மனம் பதறுகிறது. ஒருவழியாக நெரிசலை விட்டு வெளியே வந்து கல்லடிப் பாலத்தில் ஏறி ஐம்பது கிலோமீற்றர் வேகம் பிடித்ததும் முள் தானாகவே இறங்கிவிடுகிறது. "சரியாகிவிட்டது" என்று எண்ணி வீட்டுக்குப் போகிறீர்கள்.

சரியாகவில்லை. ஆனால் காரே உங்களுக்கு விடையில் பாதியைச் சொல்லிவிட்டது. நின்றபோது ஏறி, ஓடியபோது இறங்கிய அந்த ஒரு தகவலை கராஜில் தெளிவாகச் சொன்னால், தேவையில்லாமல் மூன்று பாகங்களை மாற்றும் செலவு மிஞ்சும். "கார் சூடாகிறது" என்று மட்டும் சொன்னால் சூடானதும் திறந்து நீரை ரேடியேற்றருக்கு விடும் தெர்மோஸ்டாட், நீரைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்ப், நீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேற்றர் என்று வரிசையாக மாற்றத் தொடங்குவார்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. நம் வீதிகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி வயதான கார்கள். அவற்றைக் காப்பாற்றி ஓட்ட வேண்டியவர்கள் நாம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முள் ஏறிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில்

முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீற்றர் உள்ள காரென்றால் அதை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போட்டுக் கண்ணாடிகளை இறக்குங்கள். வியர்த்து ஊற்றும், பரவாயில்லை. ஹீற்றருக்குள் இருப்பதும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான், எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுத்துவிடும். வீதி திறந்திருந்தால் நிற்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே போவது, நின்று கொதிக்கவிடுவதை விட நல்லது. முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் மட்டும் வேறு யோசனை வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடியின் அழுத்தத்தால் உள்ளே உள்ள நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய், ஒரே வீச்சில் பொங்கிக் கொதிநீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். ஈரத் துணியைப் போட்டுத் திறந்தாலும் அதே கதைதான். குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுத்திருங்கள். எஞ்சினையும் ரேடியேற்றரின் மேற்பக்கத்தையும் இணைக்கும் ரப்பர் குழாயை, அதாவது மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். அது மெத்தென்று அமுங்கினால் மட்டும் மூடியில் கை வைக்கலாம். கொதித்த எஞ்சினுக்குள் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட் வெடிக்கவோ வளையவோ கூடும்.

முள் சொல்வது உண்மைதானா

பெரும்பாலான கார்களில் அந்த முள் உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை. ஏறத்தாழ 75 பாகையிலிருந்து 100 பாகைக்கு மேல் வரை அது நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள், ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாது என்பதற்காக. ஆகவே முள் நடுவை விட்டு நகர்ந்துவிட்டது என்றால் "கொஞ்சம் சூடு" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடு அதற்கு முன்பே எல்லை கடந்திருக்கும். பல சிறிய கார்களில் முள்ளே இல்லை. குளிராக இருந்தால் நீல விளக்கு, மிகையாகச் சூடானால் சிவப்பு விளக்கு, இடையில் ஒன்றுமில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. துளையில் செருகிக் கைபேசியில் பார்க்கும் சிறு கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. அதில் கூலன்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பம் பாகைக் கணக்கில் தெரியும். தெர்மோஸ்டாட் சாதாரணமாக 82 முதல் 88 பாகைக்குள் திறக்கத் தொடங்கும். மின்விசிறி பல கார்களில் 93 முதல் 98 பாகைக்குள் ஓடத் தொடங்கி, சில பாகை இறங்கியதும் நிற்கும். நின்ற இடத்தில் 85க்கும் 98க்கும் இடையே எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் காரில் குறை இல்லை. 105ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். 110ஐத் தாண்டினால் எஞ்சினை நிறுத்துங்கள். கருவியில் 92 என்று இருக்கும்போது முள் சிவப்பைத் தொட்டால், பழுது வெப்பமானியிலோ அதன் உணரியிலோ இருக்கிறது. எஞ்சினைத் தொட வேண்டாம்.

குளிர்ந்த எஞ்சினில் முதற்பார்வை

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். ரேடியேற்றரிலிருந்து வழியும் நீரைப் பிடிக்கும் துணைத் தாங்கியில் நீர் மேல் கோடு வரை இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ரேடியேற்றர் மூடியையே திறந்து கழுத்து வரை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தாங்கி நிரம்பியிருக்க ரேடியேற்றர் குறைந்திருக்கும் கார்களை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். மூடியின் அடியில் இரண்டு வால்வுகள் உண்டு. சூடாகும்போது மிகை நீரைத் தாங்கிக்கு விடுவது ஒன்று. ஆறும்போது அதைத் திரும்ப உறிஞ்ச விடுவது நடுவிலுள்ள சின்ன வால்வு. அந்தச் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டாலோ தாங்கிக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருந்தாலோ, வெளியே போன நீர் திரும்பி வராது. மூடியின் ரப்பரை விரலால் தடவுங்கள். மென்மையாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது என்றால் இன்றே மாற்றுங்கள்.

மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் பொறித்திருக்கும். அது மூடி உள்ளே பிடித்துவைக்கும் அழுத்தம், ஏறத்தாழ பார் அளவில். வெறுந் தண்ணீர்கூட 0.9 அழுத்தத்தில் 120 பாகைக்கு அருகில்தான் கொதிக்கும். மூடி தளர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய், 100 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். காரை நிறுத்தியதும் பொனட்டுக்குள் குளுகுளுவென்று சத்தம் கேட்டு, தாங்கி பொங்கி வழிந்தால் முதல் சந்தேகம் மூடி மீது இருக்கட்டும். மாற்றும்போது அதே எண் உள்ளதையே வாங்குங்கள். அதிக எண் உள்ளதைப் போட்டால் பழைய ஹோஸ்கள் வெடிக்கும்.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

ஓடும்போது ரேடியேற்றருக்குள் காற்றைத் தள்ளுவது காரின் வேகம். நின்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் முள் இறங்குகிறது என்றால் ரேடியேற்றருக்குள் நீர் ஓடுகிறது, பம்ப் தள்ளுகிறது, தெர்மோஸ்டாட் திறக்கிறது என்று பொருள். நின்றபோது காற்று வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே விசிறியில் தொடங்குங்கள்.

பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் விசிறி தானாக ஓட வேண்டும். இரண்டு விசிறி உள்ளதென்றால் இரண்டையும் பாருங்கள், ஒன்று ஓடுவதைப் பார்த்து மற்றதை மறந்துவிடுவது வழக்கமான தவறு. ஏ.சி.க்கு ஓடுகிறது, எஞ்சின் 100 பாகையைத் தாண்டியும் ஓடவில்லை என்றால், மோட்டார் நல்லது. அதற்குச் செய்தி சொல்ல வேண்டிய வெப்ப உணரியில் அல்லது சுவிட்சில் குறை. பழைய டொயோட்டா கொரோலா போன்ற பல கார்களில் இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. சாவியை ஓன் செய்து, ரேடியேற்றர் பக்கம் உள்ள விசிறிச் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றினால் விசிறி உடனே ஓட வேண்டும், அது அப்படி அமைக்கப்பட்ட சுற்று. ஓடினால் வயரும் ரிலேயும் (விசிறிக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சிறு பெட்டி) மோட்டாரும் நன்றாக இருக்கின்றன, சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்கள் பலவற்றிலும் வெப்ப உணரியைக் கழற்றினால் பாதுகாப்புக்காக விசிறி ஓடத் தொடங்கும். பிறகு எச்சரிக்கை விளக்கு எரியும், ஸ்கேனரால் அழித்துவிடலாம்.

ஏ.சி.க்கும் ஓடவில்லை, சூட்டுக்கும் ஓடவில்லை என்றால் பியூஸைப் பாருங்கள். விசிறியின் பியூஸ் பெரியது, 30 அம்பியர் அல்லது அதற்கு மேல். அடுத்தது ரிலே. அதே எண்ணும் அதே கால்களும் உள்ள ஹோர்ன் ரிலே பக்கத்தில் இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது. அதுவும் இல்லை என்றால் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, பியூஸ் வைத்த வயரால் பற்றரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுங்கள். இது இரண்டு வயர் உள்ள மோட்டாருக்கு மட்டும். மூன்று, நான்கு வயர் உள்ளவற்றை இப்படிச் சோதிக்கக் கூடாது. ஓடாமல் நிற்கும் மோட்டாரை ஒரு மரத்துண்டால் மெல்லத் தட்டியதும் உயிர் பெற்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்றைக்கு ஓடும், நாளைக்கு நெரிசலில் கைவிடும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஞ்சின் அணைந்திருந்தாலும் கார் விழிப்பில்தான் இருக்கும், விசிறி எப்போது வேண்டுமானாலும் சுழலலாம். கை வைக்கும் முன் காரை முழுவதும் அணைத்துச் சாவியைத் தள்ளி வையுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடாதீர்கள். பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் தாங்கி இருக்கும், அதையும் எஞ்சின் தாங்கியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொன்று முக்கியம்: எர்த் வயர். கல்லடியிலும் காத்தான்குடியிலும் நிந்தவூரிலும் கடற்காற்று படும் வீட்டு முற்றத்தில் நிற்கும் காரில், அந்த வயர் காரின் உடலோடு சேரும் திருகாணியில் பச்சைத் துரு பூத்திருக்கும். வெளிப்பார்வைக்கு வயர் நன்றாக இருக்கும். விசிறி ஓடும்போது மோட்டாரின் எதிர்மின் (−) முனைக்கும் பற்றரியின் எதிர்மின் முனைக்கும் இடையே மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு மின்சாரத்தைத் தின்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிறீஸ் பூசி இறுக்கினால் விசிறியின் சத்தமே மாறிவிடும். அதே கையோடு, ஏ.சி.யும் முன்விளக்கும் போட்டு எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது பற்றரி வோல்ட்டையும் பாருங்கள். 13.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.5க்குக் கீழே விழுந்தால் அல்டர்னேட்டர் தளர்ந்திருக்கிறது, விசிறி மெதுவாகத்தான் சுற்றும்.

பெல்ட்டில் விசிறி ஓடும் பெரிய வான்களில் கதை வேறு. அங்கே விசிறிக்கும் பம்புக்கும் நடுவில் சிலிக்கோன் எண்ணெய் அடைத்த கிளட்ச் இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடானபின் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுற்றி விடுங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். கையை விட்டதும் காற்றாடி போல நாலைந்து சுற்றுப் போனால் எண்ணெய் வற்றிவிட்டது. கிளட்சின் விளிம்பில் கறுத்த பிசுக்குக் கோடு இருந்தால் அதுவே சாட்சி.

விசிறி ஓடுகிறது, ஆனாலும் நின்றால் ஏறுகிறது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் வழியாக ஓர் அண்ணன் தன் காரைக் கொண்டுவந்தார். தெர்மோஸ்டாட் புதிது. வாட்டர் பம்ப் புதிது. ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவியும் ஆயிற்று. நின்றால் ஏறுவது மட்டும் நிற்கவில்லை. "விசிறி நன்றாகத்தான் ஓடுகிறது தம்பி, நீங்களே பாருங்கள்" என்றார். ஓடியது, வேகமாகவே ஓடியது. ஒரு பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து காரின் முன்வலையில் வைத்தேன். உறிஞ்சி ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் என் கையை விட்டுப் பறந்து மண்ணில் விழுந்தது. விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு கராஜில் மோட்டாரை மாற்றியபோது இரண்டு வயர்களையும் இடம் மாற்றி இணைத்திருக்கிறார்கள். எஞ்சின் பக்கத்துச் சுடுகாற்றை அது முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. ஓடும்போது எதிர்க்காற்று வென்றுவிடும், நின்றால் விசிறி வென்றுவிடும். வயரை மாற்றிப் போட ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. அவர் அதுவரை செலவழித்த தொகையைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

அந்தத் தாள் சோதனையை எல்லோரும் செய்யுங்கள். தாள் முழுவதும் இறுக ஒட்டினால் காற்று வருகிறது. ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் தொங்கினால் அந்தப் பகுதி அடைபட்டிருக்கிறது, அல்லது விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருக்கிறது. விபத்துக்குப் பிறகு அந்தக் கூட்டைத் திரும்பப் போடாமல் விட்டுவிடும் பழக்கம் உண்டு. அது அலங்காரம் இல்லை. கூடு இல்லாவிட்டால் விசிறி தன்னைச் சுற்றியுள்ள சுடுகாற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும்.

அடைப்பு எங்கே இருக்கும் என்பது நம் மாவட்டத்தில் ஊகிக்க எளிது. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்ததும் படுவான்கரை வீதிகளிலும் அம்பாறை வீதிகளிலும் ஓரம் முழுக்க நெல் காயும். கார் போகும் வேகத்தில் பதரும் வைக்கோல் துகளும் எழும்பி முன்வலைக்குள் போகும். முன்னால் இருப்பது ஏ.சி.யின் சூட்டைக் காற்றில் விடும் கொண்டென்சர், அதன் பின்னால் ரேடியேற்றர். கொண்டென்சர் முகத்தில் துப்பரவாகத் தெரியும், இரண்டுக்கும் இடையிலுள்ள விரல் அகல இடைவெளியில்தான் எல்லாம் சேர்ந்திருக்கும். மேலே பிடித்திருக்கும் பிடிகளைக் கழற்றி ரேடியேற்றரைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் கம்பளி போல ஒரு படலம் வரும். பதர், தும்பு, வெட்டுக்கிளிச் சிறகு, பிளாஸ்டிக் பைத் துண்டு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறி அதில் ஒட்டியிருக்கும். ஒரு தடவை கையால் உரித்து எடுத்தேன், பாயைச் சுருட்டுவது போலச் சுருண்டு வந்தது.

கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். வாகனம் கழுவும் இடத்து அழுத்தத் துப்பாக்கியை அருகில் கொண்டுவந்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, அடைப்பை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். விரலால் தொடும்போது தகடுகள் நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்தால் உப்புக்காற்று அவற்றைத் தின்றுவிட்டது. குழாய்கள் ஒழுகாமல் இருக்கலாம், ஆனால் சூட்டைக் காற்றுக்குக் கொடுப்பது அந்தத் தகடுகள்தான். அப்படிப்பட்ட ரேடியேற்றரைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஏ.சி. போட்டால் மட்டும் ஏறுகிறது என்றாலும் இதே வழிதான். கொண்டென்சர் தன் சூட்டைக் காற்றில் கொட்டிவிட்டுத்தான் அதை ரேடியேற்றருக்கு அனுப்புகிறது. மத்தியானத்துத் தார் வீதிக்கு மேலே காற்று 45 பாகை இருக்கிறது, கொண்டென்சரைத் தாண்டும்போது 55 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 பாகை நீருக்கும் அந்தக் காற்றுக்கும் இடையே 40 பாகை வித்தியாசம்தான் மிச்சம். விடிகாலையில் அது 60க்கு அருகில் இருந்திருக்கும். விசிறி சற்றே தளர்ந்த கார் காலையில் ஒன்றும் காட்டாமல், மத்தியானத்தில் மட்டும் சூடாவது இதனால்தான். ஏ.சி. வாயுவை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தாலும் கொண்டென்சர் மிகையாகச் சுடும், அண்மையில் வாயு நிரப்பியிருந்தால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

அக்சிலரேற்றரை மிதித்தால் இறங்குகிறது

நின்ற இடத்திலேயே எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் வைத்தால் முள் இறங்குகிறது, விட்டால் ஏறுகிறது. மின்விசிறி உள்ள காரில் இது நீரோட்டத்தின் குறையைக் காட்டும், ஏனென்றால் அல்டர்னேட்டர் நன்றாக இருந்தால் அக்சிலரேற்றர் விசிறியின் வேகத்தை மாற்றாது, பம்பின் வேகத்தை மட்டும் மாற்றும். பெல்ட் விசிறி உள்ள வானில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், அங்கே இரண்டும் சேர்ந்தே வேகமெடுக்கும்.

பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா, பம்பின் அச்சு ஆடுகிறதா, அதன் அடியில் காய்ந்த கூலன்ட் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன், உள்ளே காற்று அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹீற்றரைப் போட்டு, நின்றபோது குளிர்காற்றும் மிதித்தபோது சூடான காற்றும் வந்தால் பெரும்பாலும் நீர் குறைவு அல்லது காற்றுக்குமிழிதான். கூலன்ட் மாற்றிய மறுநாளே முள் ஏறத் தொடங்கிய கார்கள் பெரும்பாலும் இந்த வகை. எஞ்சின் ஆறியிருக்கும்போது காரின் மூக்கை உயர்த்தி நிறுத்துங்கள். மட்டக்களப்பில் மேடு தேடிப் பயனில்லை, உறுதியான சாய்தளப் பலகையில் முன்சில்லுகளை ஏற்றிப் பின்சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். மூடியைத் திறந்து, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது நீர்மட்டம் சட்டென்று இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி வருவது நின்று, விசிறி ஒருமுறை ஓடி நின்றதும் மூடலாம்.

ஓடும்போதும் ஏறுகிறது

மஹியங்கனையைத் தாண்டிக் கண்டிக்குப் போகும் பதினெட்டு வளைவில் ஏறும்போது முள் எகிறுகிறது, அல்லது அறுபது கிலோமீற்றரில் நேராக ஓடும்போதே ஏறுகிறது என்றால் விசிறியை விட்டுவிடுங்கள். ரேடியேற்றர் உள்ளே அடைபட்டிருக்கும், தெர்மோஸ்டாட் பாதியில் நின்றிருக்கும், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு வெப்பம் அளக்கும் துப்பாக்கியால் ரேடியேற்றரின் முகம் முழுவதும் பாருங்கள். நடுவில் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே நீர் ஓடவில்லை.

நம் கடலோரக் கிணற்று நீர் உவர்ப்பும் சுண்ணாம்பும் உள்ளது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிகிறது. அவசரத்துக்கு ஊற்றுவதில் தவறில்லை, வீடு வந்ததும் வடித்துவிட்டு, கலந்து விற்கும் கூலன்ட் போடுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் உண்டு. காரின் கையேட்டில் சொன்ன வகையைக் கேளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஒரு சட்டியில் நீரும் வெப்பமானியும் போதும். அதன் மேல் பொறித்த எண், 82 என்றால் 82க்கு அருகில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். "நம்முடைய வெயிலுக்கு இது தேவையில்லை" என்று சொல்லிக் கழற்றி எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பக்கவழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பக்கவழி எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பும். நெரிசலில் சூடு முன்பை விடக் கூடும். இலேசாக ஓடும்போது எஞ்சின் போதிய சூட்டுக்கு வராமல் பெற்றோலைக் குடிக்கும், எண்ணெயைக் கெடுக்கும்.

குமிழி வந்துகொண்டே இருக்கிறது

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் போல இறுகுகிறது. திறந்த மூடியில் குமிழி நிற்காமல் வருகிறது. ஒழுக்கு எங்கும் இல்லாமல் நீர் குறைகிறது. ஓயில் அளவு பார்க்கும் கோலில் பால் தேநீர் நிறம். புகைக்குழாயில் இனிப்பு வாடையுடன் வெண்புகை. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள எஞ்சின் பிளாக்குக்கும் இடையே ஒழுகாமல் அடைக்கும் தகடான ஹெட் கஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ரேடியேற்றர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் உண்டு. எஞ்சினுக்குள் எரிந்த வாயு கலந்தால் அது மஞ்சளாகும். அந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட்டை இறக்கச் சம்மதிக்க வேண்டாம். மஞ்சளாகிவிட்டால் அதற்குமேல் ஒரு கிலோமீற்றரும் ஓட்ட வேண்டாம்.

விசிறிக்கு நேர்வயர்

"டிரெக்ட் போட்டுவிடுவோம்" என்ற யோசனை கட்டாயம் வரும். சாவி போட்டதும் விசிறி நிற்காமல் ஓடும்படி வயர் இழுப்பது. வாழைச்சேனையில் மாட்டிக்கொண்ட காரை இரவோடிரவாக வீட்டுக்குக் கொண்டுவர நானும் செய்திருக்கிறேன், பியூஸும் ரிலேயும் வைத்து. மறுநாள் காலையில் கழற்றினேன். ஓயாமல் ஓடும் மோட்டார் சீக்கிரம் தேயும். பியூஸ் இல்லாத மெல்லிய வயர் சூடாகி உருகினால் எரிவது முழுக் கார். எல்லாவற்றையும் விட, எந்த உணரி செத்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே போய்விடும். அந்த உணரியைப் பார்த்துத்தான் கணினி பெற்றோலின் அளவையும் தீர்மானிக்கிறது.

வேலை முடிந்ததும் காரை வாங்கிக்கொண்டு உடனே புறப்படாதீர்கள். மத்தியான வெயிலில், ஏ.சி.யை நிறுத்தி, நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு கைபேசியில் எண்ணைப் பாருங்கள். 90, 93, 95. விசிறி எழும்பும். எண் இறங்கும். விசிறி நிற்கும். இது மூன்று தடவை நடக்கட்டும். பிறகு ஏ.சி.யைப் போட்டு இன்னும் இருபது நிமிடம். அதற்குள் எண் 100ஐத் தொடாவிட்டால் பொனட்டை மூடலாம்.